கடலுக்கடியில் ஒரு கோயில்: ஆர்தர் சி. கிளார்க் இலங்கையிலேயே தங்கியது ஏன்? முதல்முறை ஸ்கூபா போகும் குடும்பங்கள் அவரிடம் கத்துக்க என்ன இருக்கு?

திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் வீடு இருக்கிறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேற்கத்திய நாட்டுக்காரர் ஒருத்தர் தன் ஊரை விட்டு இந்தப் பக்கம் வந்து அப்படியே தங்கிட்டார்னா, அவர் ஆன்மிகம் தேடித்தான் வந்திருப்பார்னு நாமே முடிவு பண்ணிடுவோம். 1930களில் பால் பிரண்டன் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்களில் தொடங்கி, இன்று செங்கம் சாலையில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் வரை நாம் பார்த்தது அப்படி.

ஆனால் ஒருத்தர் வித்தியாசமானவர். இங்கிலாந்தில் பிறந்து, 38 வயதில் இலங்கைக்குக் குடிவந்து, 52 வருடங்கள் அங்கேயே வாழ்ந்து, அந்த மண்ணிலேயே அடக்கமானார். தேடி வந்தது குருவை இல்லை, கடலை. உலகம் அவரை அறிவியல் புனைகதை எழுத்தாளராகத் தெரிந்து வைத்திருக்கிறது. பெயர் ஆர்தர் சி. கிளார்க்.

இப்போ எதுக்கு அவர் கதை? காரணம் எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப். கோடை விடுமுறைக்கு ஸ்கூபா டைவிங் போகலாம்னு அக்கா ஆரம்பிச்சு வெச்சாங்க. அந்தமானா, புதுச்சேரியா, இலங்கையான்னு மாமா கேட்டார். அக்கா பையனுக்கு 10 வயசு. அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடுறவர். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. யாருமே இதுவரை தண்ணிக்கு அடியில் மூச்சு விட்டதில்லை. எந்த இடம் நல்லதுன்னு தேடப் போன இடத்தில்தான் கிளார்க்கின் வாழ்க்கை கையில் கிடைச்சது. நம்ம கேள்விகளுக்கு நேரடியா பதில் சொல்ற வாழ்க்கை அது. வாங்க, முதலில் இருந்து பார்ப்போம்.

யார் இந்த கிளார்க்?

1917 டிசம்பர் 16. இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பிறந்தார். அப்பா தபால் துறையில் வேலை பார்த்துவிட்டு விவசாயத்துக்கு வந்தவர். கிளார்க்குக்கு 13 வயதிருக்கும்போது அப்பா இறந்துவிட, அம்மா பண்ணையைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளை வளர்த்தார். கல்லூரிக்கு அனுப்பக் காசு இல்லை.

1936-ல் லண்டன் வந்து அரசு தணிக்கைத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் கணக்குப் புத்தகம், மாலையில் ராக்கெட் பற்றிப் பேசும் நண்பர்கள் வட்டம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் ரேடார் பிரிவில் இருந்தார். பனிமூட்டத்தில் விமானி கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது, தரையில் இருந்தே வழி சொல்லி விமானத்தை இறக்கும் தொழில்நுட்பம் அவருடைய வேலை.

1945 அக்டோபரில் வயர்லெஸ் வேர்ல்ட் என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அது பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றும். கீழே இருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்கும். அப்படி மூன்று செயற்கைக்கோள்கள் இருந்தால் உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம். அன்றைக்கு வானத்தில் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. இன்றைக்கு வீட்டு மாடியில் இருக்கும் டிடிஎச் டிஷ் அந்த உயரத்தைப் பார்த்துத்தான் திரும்பி நிற்கிறது. அந்தப் பாதைக்கு கிளார்க் பெயரையும் சொல்வார்கள்.

போர் முடிந்ததும் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்து 1948-ல் முதல் வகுப்பில் தேறினார். அதற்குப் பிறகு எழுத்துதான் தொழில்.

விண்வெளி ஆளுக்குக் கடலில் என்ன வேலை?

இங்கேதான் கதை திரும்புது. 1943-ல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் சேர்ந்து அக்வாலங் என்ற கருவியை உருவாக்கினார்கள். முதுகில் ஒரு சிலிண்டர், வாயில் ஒரு ரெகுலேட்டர். மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியிருக்கிற நீரின் அழுத்தத்துக்கு ஏற்ற அளவில் காற்று வரும். அதற்கு முன்பு கடலுக்கடியில் போகணும்னா கனமான ஹெல்மெட், மேலே படகில் இருந்து வரும் குழாய் என்று பெரிய ஏற்பாடு வேண்டும்.

ஒரு சின்ன திருத்தம். நம்மில் பலர் அந்த சிலிண்டரை ஆக்சிஜன் சிலிண்டர் என்போம். பொழுதுபோக்கு டைவிங்கில் வழக்கமா இருப்பது வெறும் காற்று. நாம் சுவாசிக்கிற அதே காற்றை வடிகட்டி அழுத்தி அடைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

கிளார்க்குக்கு இந்தக் கருவி வேறொரு விஷயமாகப் பட்டது. விண்வெளிக்குப் போக அன்று வழியே இல்லை. ஆனால் எடையில்லாமல் மிதக்கும் அனுபவம் பூமியிலேயே ஒரு இடத்தில் கிடைக்கும், அது தண்ணிக்கு அடியில். 1950களின் தொடக்கத்தில் அவர் டைவிங் பழகியதற்கு இதுதான் காரணம். நாசாவும் பிற்பாடு அதே வழிக்கு வந்தது. 1966-ல் ஜெமினி 12 பயணத்துக்கு பஸ் ஆல்ட்ரின் தண்ணீருக்கடியில் பயிற்சி எடுத்தார். இன்றும் விண்வெளி வீரர்கள் பெரிய நீச்சல் குளத்துக்குள் உடையோடு இறங்கித்தான் பழகுகிறார்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கு. ஸ்கூபா என்பது கை காலை அடித்து நீந்துவது இல்லை. சும்மா மிதக்கக் கத்துக்கிறதுதான் பாதி வேலை. அதனால்தான் நீச்சல் தெரியாத அம்மாவும், பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு வரும் அறிமுக டைவ் ஒன்றை யோசிக்க முடிகிறது. முழு சான்றிதழ் படிப்பு என்றால் கதை வேறு. அதில் 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்கணும்.

ஏன் இலங்கை?

1954 டிசம்பர். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபுக்கு கப்பலில் போய்க்கொண்டிருந்தார் கிளார்க். 37 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். முந்தைய வருடம் நடந்த திருமணம் ஆறு மாதத்தில் முறிந்திருந்தது. கப்பல் கொழும்பில் நின்ற கொஞ்ச நேரத்தில், தெஹிவளை விலங்கியல் தோட்டத்தில் பணியாற்றிய ரொட்னி ஜோன்க்ளாஸ் அவரைச் சந்தித்தார். இலங்கையின் ஆரம்பகால டைவர்களில் ஒருவர் அவர். இந்தத் தீவைச் சுற்றியிருக்கும் கடலைப் பற்றி அவர் சொன்னது கிளார்க் மனசில் ஒட்டிக்கொண்டது.

ஆஸ்திரேலியாவில் மைக் வில்சன் என்ற இளைஞரோடு டைவ் செய்து, அந்த அனுபவத்தைப் புத்தகமாக்கிவிட்டு, 1956-ல் இருவரும் இலங்கைக்கு வந்தார்கள். கிளார்க் அதன்பிறகு அங்கிருந்து கிளம்பவே இல்லை.

காரணத்தை எளிமையாகச் சொல்லலாம். நீர் வருடம் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும். வாழ்க்கைச் செலவு லண்டனைவிடக் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலே பருவமழை. இலங்கைக்கு இரண்டு பருவமழை, இரண்டு கரை. தென்மேற்குப் பருவமழை வீசும் மே முதல் செப்டம்பர் வரை ஹிக்கடுவ, உனவட்டுன பக்கம் கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்குக் கரையில் திருகோணமலை அமைதியாக இருக்கும். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் அப்படியே தலைகீழ். ஆக, ஒரு கரை மூடினால் இன்னொரு கரை திறந்திருக்கும். ஒரே தீவில் இருந்துகொண்டு வருடத்தின் பெரும்பகுதி டைவ் செய்யலாம்.

நம்ம வீட்டு விவாதத்துக்கு முதல் பதில் இங்கேயே கிடைச்சாச்சு. எந்த ஊர்னு கேட்கிறதுக்கு முன்னாடி எந்த மாசம்னு கேட்கணும். நல்ல ரீஃபுக்கே தப்பான மாசத்தில் போனால் கலங்கல் தண்ணியும், படகில் வாந்தியும்தான் மிச்சம்.

நம்ம ஊர்க் கணக்கில் ஞாபகம் வெச்சுக்க ஒரு வழி இருக்கு. கார்த்திகை தீபம் நடக்கும் நவம்பர், டிசம்பரில் இலங்கையின் தென்மேற்குக் கரை. சித்ரா பௌர்ணமி கிரிவலம் முடிஞ்ச பிறகு திருகோணமலை. அவ்வளவுதான்.

திருகோணமலைக் கடலில் என்ன கிடைத்தது?

திருஞானசம்பந்தர் அண்ணாமலையையும் பாடியிருக்கிறார், திருகோணமலையையும் பாடியிருக்கிறார். கடலை ஒட்டி செங்குத்தாக நிற்கும் பாறையின் உச்சியில் கோணேசர் கோயில். அங்கிருந்த பெரிய கோயிலை போர்த்துக்கீசியர் ஆயிரம் தூண் கோயில் என்றே அழைத்தார்கள். 1620களில் போர்த்துக்கீசியத் தளபதி கொன்ஸ்டன்டினோ த சா அதை இடித்தார். கற்களில் ஒரு பகுதி கோட்டை கட்டப் போனது. இன்னொரு பகுதி பாறையிலிருந்து கடலில் விழுந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்ச் சனம் பாறையின் விளிம்பில் நின்று, கீழே கடலைப் பார்த்துத்தான் பூ போட்டுக் கும்பிட்டது.

1956-ல் கிளார்க்கும் வில்சனும் அந்தப் பாறையின் அடியில் கடலுக்குள் இறங்கினார்கள். கீழே கிடந்தவை இயற்கையான பாறைகள் மட்டும் இல்லை. செதுக்கிய தூண்கள், வேலைப்பாடு கொண்ட கட்டடக் கற்கள், சதுரமாக வெட்டிய துண்டுகள், மேலே பாசியும் சிப்பியும் படிந்து கிடந்தன. வில்சன் அவற்றைப் படம் எடுத்தார். கிளார்க் அடுத்த வருடம் தன் புத்தகத்தில் அதை எழுதினார். பாட்டி கதை மாதிரி சொல்லப்பட்டு வந்த ஒரு இழப்புக்கு முன்னூறு வருடம் கழித்து நேரடி சாட்சி கிடைத்தது.

இதற்கு முன்பே 1950-ல் திருகோணமலையில் மண்ணைத் தோண்டியபோது பழைய வெண்கலத் திருமேனிகள் கிடைத்திருந்தன. இடிப்பதற்கு முன் யாரோ புதைத்துக் காப்பாற்றியவை என்று நம்பப்படுகிறது. கோயில் மறுபடி கட்டப்பட்டு 1963-ல் கும்பாபிஷேகம் நடந்தது.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நிமிஷம் மனசு நிற்கும். நம்ம கோயிலிலும் ஆயிரங்கால் மண்டபம் இருக்கு. 1896-ல் இந்த ஊருக்கு வந்த பதினாறு வயசு வேங்கடராமன், பிற்பாடு ரமணர், அந்த மண்டபத்துக்குக் கீழே பாதாள லிங்கத்தின் பக்கத்தில்தான் உலகத்தை மறந்து உட்கார்ந்திருந்தார். நம்ம மண்டபம் நிமிர்ந்து நிற்குது. அங்கே உள்ளதன் தூண்கள் மீன்களுக்கு நடுவில் கிடக்குது.

இன்னொரு விஷயம். கிளார்க்கோடு அந்தக் கடலில் இறங்கிய மைக் வில்சன் பிற்காலத்தில் துறவியானார். சுவாமி சிவ கல்கி என்று பெயர் மாற்றிக்கொண்டு கதிர்காமத்து முருகனின் பக்தராக வாழ்ந்தார். கிளார்க் கடைசி வரை எந்த மதச் சடங்கும் இல்லாமல் இருந்தார். ஒரே கடல், ஒரே படகு, இரண்டு பேர் இரண்டு திசையில் கரையேறினார்கள்.

சிறுவர்கள் கண்டெடுத்த வெள்ளி

குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்ற கேள்விக்கு ஒரு சுவாரசியமான சம்பவம் இருக்கு. 1961 மார்ச். இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் கிரேட் பாசஸ் என்ற பாறைத்தொடரில், கலங்கரை விளக்கத்தை ஒட்டிய கடலில் வில்சன் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கூட இருந்தவர்கள் பதின்ம வயதைத் தொட்ட இரண்டு அமெரிக்கச் சிறுவர்கள். மூவரும் கண்டது ஒரு பழைய கப்பலின் மிச்சம். அதில் இருந்து கிடைத்தவை, பவளம் படிந்து கட்டியாகிப்போன வெள்ளி நாணயங்கள்.

சுத்தம் செய்து பார்த்தபோது எல்லாம் ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள். சூரத்தில் அச்சடித்தவை. அதில் இருந்த ஹிஜ்ரி 1113, நம் கணக்கில் 1702-ஐ ஒட்டிய வருடம். ஒவ்வொரு கட்டியிலும் ஆயிரம் காசுவரை இருந்தது. இந்தியாவில் இருந்து கிளம்பிய ஒரு கப்பல் சரக்கோடு அந்தப் பாறையில் மோதி முடிந்துபோயிருக்கிறது.

கிளார்க் அன்று படகில் இல்லை. பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்ததைத்தான் பார்த்தார். மறுபடி அங்கே போய் முறையாக ஆய்வு செய்ய 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு காரணம். ஒன்று, அந்தப் பாறைப் பக்கம் இரண்டு பருவமழைக்கும் இடையில் வருடத்தில் சில வாரங்கள்தான் கடல் அமைதியாக இருக்கும். இன்னொன்று, கிளார்க்கின் உடம்பு.

ஒன்றைத் தெளிவாச் சொல்லிடணும். அந்தச் சிறுவர்கள் கடலில் பழகியவர்கள். நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை முன்மாதிரியா எடுத்துக்கக் கூடாது. இன்றைய விதிகள் வேறு. பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேச விதிமுறைப்படி, 8 வயதில் இருந்து நீச்சல் குளத்தில் 2 மீட்டர் ஆழம் வரை பழகலாம். கடலில் அறிமுக டைவ் செய்ய குறைந்தது 10 வயது. அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். கண்டெடுத்த பொருளை எடுத்துட்டு வர்றதும் இன்றைக்குக் குற்றம். திருகோணமலைக் கல்லோ, அந்தமான் பவளமோ, எதையும் தொடாம திரும்புறதுதான் முறை.

1962: உடம்பு கைவிட்டபோது

கொழும்பில் ஒரு கடையின் வாசலில் தலை இடித்துக்கொண்டார் கிளார்க். 1962-ல் நடந்தது. அடுத்த நாட்களில் உடம்பு செயலிழந்தது. கை கால் அசையவில்லை, மூச்சு விடவே சிரமம். முதலில் தண்டுவடத்தில் அடி என்று நினைத்தார்கள். பிறகு அது போலியோ என்று தெரிந்தது. பல மாதங்கள் படுக்கை. கடல் பக்கம் இனி போகவே முடியாது என்று எல்லோரும் நினைத்த நேரம்.

அந்தக் காலகட்டத்தில் அவர் எழுதியது டால்ஃபின் ஐலண்ட் என்ற சிறுவர் நாவல். கிரேட் பேரியர் ரீஃபில் நடக்கும் கதை. போக முடியாத கடலைக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவர் திரும்பினார். மெதுவாக நடக்கத் தொடங்கினார். 1963-ல் கிரேட் பாசஸ் பயணத்தில் இருந்தார். நிலத்தில் தடுமாறும் கால்கள் தண்ணீருக்குள் தடுமாறவில்லை. எடையே இல்லாத இடத்தில் பலவீனமான தசைக்கும் வேலை குறைவு. விண்வெளியை ஒத்திகை பார்க்க ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட டைவிங், அவருக்குச் சுதந்திரமாக அசையக் கிடைத்த ஒரே இடமாக மாறியது. 1988-ல் அவருக்கு போலியோவின் பின்விளைவு நோய் இருப்பது உறுதியானது. அதன்பிறகு பெரும்பாலும் சக்கர நாற்காலிதான்.

இதைப் படிச்சிட்டு நான் அப்பாவிடம் சொன்னேன், கிளார்க்கே போலியோவோடு போயிருக்கார், நீங்களும் வரலாம்னு. அப்புறம்தான் உறைச்சது, அது தப்பு. கிளார்க் வருடக்கணக்கில் பழகியவர். கூடவே தேர்ந்த டைவர்கள் இருந்தார்கள். தன் உடம்பின் எல்லை அவருக்குத் தெரியும். அப்பாவுக்கு இது முதல் முறை. அதனால் டைவிங் கம்பெனி கொடுக்கும் மருத்துவப் படிவத்தில் பிரஷர் மாத்திரையை மறைக்காமல் எழுதி, முன்கூட்டியே டாக்டரிடம் கையெழுத்து வாங்கணும். டாக்டர் வேண்டாம்னா வேண்டாம்தான். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதில் பிரச்சினை, கர்ப்பம் எல்லாவற்றுக்கும் இதே நியாயம். சளி பிடிச்சிருந்தா அன்னைக்கு இறங்கவே கூடாது, காது அழுத்தத்தைச் சரிசெய்ய முடியாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மூச்சைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் தாங்காது. அதனால்தான் ஸ்கூபாவின் முதல் விதி, எப்போதும் மூச்சை அடக்காதே. பதற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வதுதான் மனித சுபாவம் என்பதால், முதல் டைவில் ஆழத்தைவிட முக்கியம் பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளர்.

புகழும் கடைசி நாட்களும்

கிளார்க்கின் மற்ற வாழ்க்கை உலகத்துக்கே தெரியும், சுருக்கமாகப் பார்ப்போம். 1964-ல் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்தார். 1968-ல் 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படமும் நாவலும் வெளிவந்தன. 1979-ல் வந்த தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ் நாவலில், இலங்கையை ஒத்த ஒரு தீவில் இருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டினார்.

நமக்கு நெருக்கமான ஒரு சம்பவம் 1975-ல் நடந்தது. செயற்கைக்கோள் வழியாக 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டும் சைட் என்ற பரிசோதனையை இஸ்ரோ தொடங்கியது. அந்த யோசனையின் மூதாதை என்ற மரியாதையில், இந்தியப் பொறியாளர்கள் கொழும்பு போய் கிளார்க் வீட்டில் ஒரு டிஷ் ஆன்டெனா பொருத்திக் கொடுத்தார்கள். முப்பது வருடம் முன்பு காகிதத்தில் எழுதியது வீட்டுக்கே படமாக வந்து சேர்ந்தது.

நண்பர்களோடு சேர்ந்து அண்டர்வாட்டர் சஃபாரிஸ் என்ற டைவிங் நிறுவனத்தையும் இலங்கையில் நடத்தினார். ஹிக்கடுவயில் அதன் டைவிங் மையம் இருந்தது. அவர் எழுதிக் காட்டிய அதே ஹிக்கடுவப் பவளப்பாறைகள் 1998-ல் கடல் சூடாகி வெளுத்துப் பெருமளவு செத்துப்போயின. 2004 டிசம்பர் 26 சுனாமி டைவிங் மையத்தை அழித்தது. அவர் கொழும்பில் இருந்ததால் தப்பினார்.

திருகோணமலையும் அவருக்கு எட்டாமல் போனது. 1983-ல் தொடங்கிய போர் அந்தக் கரையைச் சுற்றுலாவுக்கு மூடிவிட்டது. 2007 டிசம்பரில் 90வது பிறந்தநாளுக்கு வெளியிட்ட செய்தியில் தனக்கு மூன்று ஆசைகள் இருப்பதாகச் சொன்னார். வேற்றுக்கிரக உயிருக்கு ஆதாரம் கிடைக்கணும், மாசில்லாத எரிசக்தி வரணும், இலங்கையில் நிலையான அமைதி வரணும். 2008 மார்ச் 19-ல் இறந்தார். போர் முடிந்தது 2009 மே மாதத்தில், அதுவும் பெரும் உயிரிழப்போடு. அவர் கேட்டது அந்த மாதிரி ஒரு முடிவு இல்லை. கொழும்பு பொது மயானத்தில் எந்த மதச் சடங்கும் இல்லாமல் அடக்கம் செய்தார்கள்.

சரி, நாம எங்கே போறது?

கிளார்க் இலங்கையைத் தேர்ந்தெடுத்த அதே வரிசையில் கேள்வி கேட்டால் குழப்பம் குறையும். முதலில் மாசம், அப்புறம் ஆழம், அப்புறம் ஆள், கடைசியாத்தான் ஊர்.

புதுச்சேரி: திருவண்ணாமலையில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் போதும். நீச்சல் குளத்தில் பழகிவிட்டுக் கடலுக்குப் போகும் வசதி இருப்பதால், யாருக்கு இது பிடிக்கும், யாருக்குப் பயம்னு தெரிஞ்சுக்க நல்ல இடம். நீர் அந்தமான் அளவுக்குத் தெளிவா இருக்கும்னு எதிர்பார்க்க வேண்டாம். அக்டோபர் கடைசியில் இருந்து டிசம்பர் வரை மழைக்காலம், தவிர்க்கலாம்.

அந்தமான்: ஹேவ்லாக் என்ற சுவராஜ் தீவில் ஆழம் குறைந்த ரீஃப்கள் உண்டு. தண்ணி தெளிவு. நவம்பர் முதல் மே தொடக்கம் வரை நல்லது. விமானம், அப்புறம் படகு என்பதால் செலவும் நாளும் கூடும். மே பிற்பகுதியில் மழை வந்துவிடும்.

லட்சத்தீவு: அழகான லகூன்கள், அலை குறைவு, குழந்தைகளுக்கு ஏற்றது. ஆனால் அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்கணும். அக்டோபரில் இருந்து மே பாதி வரை காலம்.

திருகோணமலை: மே முதல் செப்டம்பர். நம்ம பள்ளி விடுமுறையோடு ஓரளவு பொருந்தும். நிலாவெளிக்கு எதிரே புறாத் தீவு தேசியப் பூங்காவில் டைவ் செய்யாதவர்களும் ஸ்நார்க்கெல் போட்டு மீன் பார்க்கலாம். தமிழ் பேசும் ஊர் என்பதால் அம்மா அப்பாவுக்கு நிம்மதி. கிழக்குக் கரையில் இன்னும் தெற்கே, மட்டக்களப்புக்கு அப்பால் 1942-ல் மூழ்கிய ஹெர்மஸ் போர்க்கப்பல் இருக்கு. அது 50 மீட்டரைத் தாண்டிய ஆழம். படம் பார்த்து ஆசைப்படலாம், புதியவர்களுக்கு அங்கே இடமில்லை.

எந்த ஊரானாலும் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை இவை. பயிற்சியாளரின் சான்றிதழ் எது, இன்னும் செல்லுபடியாகிறதா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? முதல் முறைக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் கிடைத்தால் நல்லது. படகில் அவசரத்துக்கு ஆக்சிஜன் இருக்கா? குழந்தை அளவுக்கு மாஸ்க், உடை இருக்கா? கடைசி நிமிஷம் பயந்து வேண்டாம்னு சொன்னால் திட்டாமல் விடுவார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே அந்த இடத்தை எடை போடலாம்.

திரும்பும் டிக்கெட்டையும் யோசிச்சுப் போடுங்க. ஒரு டைவ் செய்தால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் செய்தால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறணும். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற அந்த நேரம் வேண்டும். அதே காரணத்துக்காக டைவ் முடிஞ்ச கையோடு ஊட்டி, கொடைக்கானல்னு மலை ஏறுறதும் நல்லதில்லை.

எங்கள் வீட்டு முடிவு

முதலில் புதுச்சேரி நீச்சல் குளம். அப்பா டாக்டரைப் பார்த்துட்டார். டைவ் வேண்டாம், ஸ்நார்க்கெல் பரவாயில்லைன்னு சொல்லியிருக்கார். அம்மா குளத்தில் இறங்கிப் பார்த்துட்டுச் சொல்றேன்னு இருக்காங்க. எல்லாம் சரியா வந்தா ஜூனுக்கு முன்னாடி திருகோணமலை.

ஸ்நார்க்கெல்னு கேட்டதும் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அப்புறம் அவரே சமாதானம் ஆயிட்டார். எல்லாரும் தண்ணிக்குள்ள போயிட்டா, கோணேசர் கோயில் பாறை விளிம்பில் நின்னு கீழே பார்த்துக் கும்பிட ஒரு ஆள் வேணும்ல, அது நானா இருக்கேன்னு சொல்லிட்டார்.